ஆசிரியர் கேள்வி – பதில்: ஆன்லைன் பயிற்சியும் பொருளியல் பாடமும்

சேலம் மாவட்டத்துச் சமூக அறிவியல், பொருளியல் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முறை ஆன்லைன் பயிற்சி பற்றியே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். ஊரும் பணியும் மட்டும் தந்திருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பட்டதாரி ஆசிரியை: தீக்‌ஷா என்ற அரசின் கற்றல் செயலியில் பயிற்சியை முழுதும் முடித்துவிட்டேன். என் கைப்பேசியில் 100 சதவீதம் என்று காட்டுகிறது. வட்டார வள மையப் பட்டியலிலோ ‘முடிக்கவில்லை’ என்று வருகிறது. சான்றிதழும் இல்லை. மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதுதான் காரணமா?

சிக்னல் ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் தவிர இன்னும் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுங்கள்.

முதலில் சிக்னல். பாடங்களை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் பார்த்தால், நீங்கள் பார்த்த கணக்கு கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடும். இணையம் கிடைத்து, செயலி அதை அனுப்பினால்தான் மேலே போய்ச் சேரும். சேலத்துக்கு இறங்கும்போதோ, நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ அந்தப் பயிற்சியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘சிங்க்’ என்று வரும் வாய்ப்பை அழுத்துங்கள். சில நிமிடம் செயலியை மூட வேண்டாம். கணக்கு மறுபக்கம் பதிய ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடுகிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் அனுப்பாமல் கிடந்த கணக்கு அத்தனையும் அழிந்துவிடும். ‘கிளியர் டேட்டா’வும் அதே வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது, எந்தக் கணக்கில் நுழைந்தீர்கள் என்பது. பழைய ஜிமெயில் கணக்கு ஒன்று, மாநில அடையாள எண்ணோடு இணைந்த கணக்கு ஒன்று என்று பலருக்கும் இரண்டு இருக்கும். ஜிமெயிலில் முடித்த பயிற்சி துறையின் பட்டியலில் வராது. சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே பள்ளியும் மாவட்டமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் அச்சாகும் பெயரும் அங்கிருந்துதான் போகிறது. ‘செல்வி எஸ்எஸ்டி’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்திருந்தால் சான்றிதழிலும் அப்படியே வரும். பயிற்சியில் சேரும்போது விவரங்களைப் பகிரச் சம்மதமா என்று ஒரு கேள்வி வரும். அதில் மறுத்திருந்தாலும் மையத்துக்கு உங்கள் பெயர் தெரியாது.

மூன்றாவது, இறுதி மதிப்பீடு. நிஷ்தா (மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம்) வகைப் பயிற்சிகளில் எல்லாப் பகுதிகளையும் பார்த்து முடிப்பதோடு, கடைசித் தேர்வில் 70 சதவீதமாவது எடுக்க வேண்டும். மூன்று வாய்ப்புகள்தான். பாடம் 100 சதவீதம் முடிந்தும் தேர்வில் 65 எடுத்திருந்தால் சான்றிதழ் வராது, செயலியும் அதை உரக்கச் சொல்லாது. நான்காவது, கடைசித் தேதி. தேதி தாண்டிய பயிற்சியைப் படிக்கலாம், சான்றிதழ் மட்டும் கிடையாது.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நடைமுறை: கீழே வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடங்களை இறக்கிக்கொண்டு மேலே போங்கள். படித்து முடியுங்கள். மதிப்பீட்டை மட்டும் அடுத்த முறை கீழே வரும்போது எழுதுங்கள். நடுவில் சிக்னல் அறுந்தால் ஒரு வாய்ப்பு வீணாகக்கூடும். காணொலிகளை 360பி தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி. அதற்கு மேல் தரம் எதற்கு? பேசுகிறவரின் முகமும் நான்கு வரி ஸ்லைடும்தான் திரையில் இருக்கப்போகின்றன. முடித்த அன்றே தேதியும் பெயரும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். மையத்தில் பேசும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

ஓமலூரிலிருந்து ஒரு முதுகலை ஆசிரியர் (பொருளியல்): ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறார்கள். ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் படிப்புத் தளத்தில் படித்தால் அதில் சேருமா? எதை எடுக்கலாம்?

50 மணி நேரம் என்ற கணக்கு தேசியக் கல்விக் கொள்கை 2020இல் வருவது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் துறை நடத்தும் பயிற்சிதான் துறையின் கணக்கில் வரும். ஸ்வயம் சான்றிதழைச் சேர்ப்பார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். சிபிஎஸ்இ பள்ளியில் இருப்பவருக்கு வாரியத்தின் தனி விதி உண்டு.

கணக்கை விடுங்கள். பாடம் வேண்டும் என்றால் ஸ்வயம் நல்ல இடம். 2017இல் தொடங்கியது, ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு பருவம். படிப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். உங்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. என்சிஇஆர்டி பெயரில் வரும் மேல்நிலைப் பொருளியல் பாடங்கள் நீங்கள் நடத்தும் பாடத்துக்கு மிக நெருக்கம், ஆனால் உங்களுக்குத் தெரியாதது அதில் குறைவு. சிஇசி பெயரில் வருபவை இளங்கலைத் தரம். நுண்ணியல், பேரியல், புள்ளியியலில் துரு ஏறியிருந்தால் இவைதான் சரி. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் கடினம், கணிதம் கூட. ஆனால் ஒழுங்கு கறாராக இருக்கும்.

என்பிடெல் மதிப்பெண் முறையைச் சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள். வாராந்தர ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு 25இல் 10, 75இல் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகள், 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3 மட்டும் கணக்கில் வரும். காலாண்டுத் தேர்வு வாரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பரவாயில்லை என்பதற்கு இந்த ஏற்பாடு உதவும். முதல் மூன்று வாரத்தை விட்டவர் அதற்குப் பின் பிடித்து முடிப்பது அரிது. ஜூலைப் பருவத்தில் 12 வாரப் பாடம் எடுத்தால் காலாண்டுத் தேர்வுத் திருத்தம் நடுவில் வந்து நிற்கும். முதல் தடவை என்றால் ஜனவரியும் வேண்டாம், செய்முறையும் பொதுத்தேர்வும் வரும். ஜூலையில் 8 வாரப் பாடம் ஒன்று போதும்.

ஆத்தூரிலிருந்து ஒரு பட்டதாரி ஆசிரியர்: நான் வரலாறு படித்தவன். பத்தாம் வகுப்புப் பொருளியல் பகுதியை நடத்தும்போது பயமாகவே இருக்கிறது. யூடியூபில் பார்த்துப் போகிறேன், மாணவர் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பில் பொருளியல் அலகுகள் ஐந்துதான்: மொத்த உள்நாட்டு உற்பத்தி, உலகமயமாதலும் வணிகமும், உணவுப் பாதுகாப்பு, அரசும் வரிகளும், தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள். இதில் முதலும் நான்காவதும் கருத்து சார்ந்தவை. பயிற்சி நேரத்தை அந்த இரண்டுக்கும் கொடுங்கள். மற்ற மூன்றுக்கு உங்கள் வரலாற்றுப் படிப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

காணொலியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த ஆண்டு பதிவு என்பதை முதலில் பாருங்கள். நம் பாடத்தில் பழசாகும் வேகம் அதிகம். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது. 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு சொல்லிக்கொடுத்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12உம் 28உம் போய் 5, 18 என்று இரண்டாகிவிட்டது. ஆடம்பரப் பொருள்கள் சிலவற்றுக்கு 40. அதற்கு முந்தைய பதிவு எல்லாமே இந்த இடத்தில் பழசு. திட்டக்குழு இன்னும் இயங்குவதுபோல் பேசுகிறவரின் பதிவு இன்னும் பழசு. அதன் இடத்தில் நிதி ஆயோக் 2015 ஜனவரி 1 முதல் இருக்கிறது. வகுப்பில் என்ன செய்வது? பொதுத்தேர்வுக்குக் கையில் உள்ள பாடநூலில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். இன்றைய நிலையைக் கரும்பலகையின் ஓரத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். இரண்டையும் கலந்து சொன்னால் பிள்ளை மூன்றாவதாக ஒன்றை எழுதிவைப்பான்.

மாணவர் கேள்வியில் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், நமக்கே தெளியாத ஒரு குழப்பம். ‘பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்களே, ஏன் விலை குறையவில்லை?’ என்பது அப்படி ஒன்று. இதற்கான பதில் அடுத்த கேள்வியில் கணக்கோடு வருகிறது.

நிதிக் கல்விக்கான தேசிய மையம் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. வங்கி, காப்பீடு, சேமிப்புப் பாடங்களுக்கு அது போதும். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு அங்கே போக வேண்டாம்.

மேட்டூரிலிருந்து ஒரு ஆசிரியை: பயிற்சியின் முடிவில் ‘உள்ளூர்ச் சூழலில் ஒரு பாடத்திட்டம்’ தயாரித்து ஏற்றச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே பிடிஎஃப்பைப் பெயர் மாற்றி ஏற்றுகிறார்கள். உருப்படியாக ஒன்று செய்ய ஆசை.

உங்கள் கேள்விதான் இந்த இதழில் எங்களுக்குப் பிடித்தது, அதனால் பதிலும் நீளம். பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதைவிட அதிலிருந்து வகுப்புக்கு எது வந்து சேர்ந்தது என்பதுதான் கணக்கு. இந்த ஒப்படைப்பு ஒன்றே அதற்கான இடம். அதையும் பெயர் மாற்றி ஏற்றிவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

விலைவாசிக் குறியீட்டெண்ணை எடுங்கள். நான்கு பாடவேளை போதும். மாணவர்களே ஒரு கூடையை முடிவு செய்யட்டும், ஐந்து பொருள், ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத அளவு. இங்கே மாதிரி விலைகள் தருகிறோம், உங்கள் வகுப்பு உண்மை விலையைச் சேகரிக்கும். அரிசி 25 கிலோ, கிலோ 56 ரூபாய். துவரம்பருப்பு 3 கிலோ, 140. கடலை எண்ணெய்க்குப் பதில் பாமாயில் வாங்கும் வீடுகளும் உண்டு, எதுவானாலும் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எண்ணெய் 4 லிட்டர், 140. தக்காளி 8 கிலோ, 25. பால் 30 லிட்டர், 44. மொத்தம் 1,400 + 420 + 560 + 200 + 1,320 = 3,900 ரூபாய். இது அடிப்படை மாதம், குறியீட்டெண் 100.

அடுத்த மாதம் அரிசி 58, எண்ணெய் 150, தக்காளி 50, மற்றவை அப்படியே என்று வையுங்கள். கூடையின் விலை 4,190. அதை 3,900ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 107.4. விலைவாசி 7.4 சதவீதம் ஏறியிருக்கிறது.

இப்போது வேண்டுமென்றே தப்பான வழியிலும் ஒரு தடவை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்து ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 22.1 வரும், அதாவது குறியீட்டெண் 122.1. தக்காளி இரண்டு மடங்கானதுதான் அத்தனைக்கும் காரணம். ஆனால் 3,900 ரூபாயில் தக்காளிக்குப் போனது 200 ரூபாய்தானே? இந்த இடத்தில் ‘எடை’, அதாவது மொத்தச் செலவில் ஒரு பொருளின் பங்கு, என்பது எதற்கு என்று வகுப்புக்குத் தானாகவே விளங்கும். தேசியக் குறியீட்டெண்ணின் 2012 அடிப்படைத் தொடரில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து எடை 100க்கு 45.86. உங்கள் கூடை முழுக்க உணவு. வாடகை, மருந்து, பஸ் கட்டணம் எங்கே போயின என்று கேட்டால் அடுத்த விவாதம் தயார்.

மூன்றாம் மாதம் அரிசி மட்டும் ஒரு ரூபாய் ஏறி 59 ஆகிறது. கூடை 4,215, குறியீட்டெண் 108.1. முந்தைய மாதத்தைவிட ஏற்றம் 0.6 சதவீதம்தான். பணவீக்கம் 7.4இலிருந்து 0.6க்கு இறங்கிவிட்டது, ஆனால் கூடையின் விலை 25 ரூபாய் ஏறித்தான் இருக்கிறது. ஆத்தூர் ஆசிரியரின் மாணவனுக்கு இதுதான் பதில். செய்தியில் சொல்வது மாதத்துக்கு மாதம் அல்ல, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எங்கே கோணலாகும்? விலை எடுப்பதில்தான். ஒரு பையன் பொன்னி அரிசி விலையும் இன்னொருவன் இட்லி அரிசி விலையும் கொண்டுவருவான். ரகத்தை எழுதி ஒட்டுங்கள். ரேஷன் அரிசிக்கு விலை இல்லை, அதனால் அது கூடையில் வராது. அதை ஏன் சேர்க்கவில்லை என்று பேசவும் வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் உண்மையில் சமைப்பது அதுதான். காய்கறிக்கு ஒரே இடம், வாரத்தின் ஒரே கிழமை. சேலத்தில் அஸ்தம்பட்டி, சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலை பலகையில் இருக்கும். முதல் மாதம் சந்தை விலையும் இரண்டாம் மாதம் தெருமுனைக் கடை விலையும் எடுத்தால் வருவது பணவீக்கம் ஆகாது, கடைக்குக் கடை உள்ள வித்தியாசம்தான். கூடையின் அளவையும் நடுவில் மாற்றக் கூடாது. தக்காளி விலை ஏறினால் குறைத்து வாங்குவோமே என்று யாராவது கேட்பார்கள். கேட்டவர் வகுப்பிலேயே கெட்டிக்காரர். நிலையான கூடையின் குறையே அதுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

தொழில்துறைத் தொகுப்பு அலகுக்கு ஜவ்வரிசியை எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து இறக்குமதி நின்றபோது இங்கே வேர்விட்ட தொழில். ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவு 1981இல் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலை ஏன் சென்னையில் இல்லை என்று கேளுங்கள். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், கிழங்கின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதைச் சுமந்து தூரம் போனால் கட்டாது. இட அமைவுக் கோட்பாடு முழுவதும் இதற்குள் இருக்கிறது.

வரலாற்றுக்காரருக்கு இன்னொன்று. மதுவிலக்கு சென்னை மாகாணத்தில் முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அமைச்சரவையில். கள், சாராயத் தீர்வை போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. ‘அரசும் வரிகளும்’ பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் ஜிஎஸ்டி வரை நேர்கோடு. அதற்கும் முன்னே போனால் 1792இல் பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபின் அவர்களின் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலவரி போட்ட கதை. விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைத்த மண் இது.

எடப்பாடியிலிருந்து: ஆன்லைன் சான்றிதழ்களால் ஊக்க ஊதிய உயர்வு உண்டா?

இல்லை. அந்தச் சலுகை உயர்கல்விப் பட்டத்துக்கு இருந்தது, அதையும் அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. குறுகிய காலப் படிப்புக்கு எப்போதும் கிடையாது.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: நிஷ்தா உள்பட நிறைய பயிற்சி முடித்திருக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேர்ச்சி வேண்டும். பயிற்சிச் சான்றிதழை ஈடாக எங்கும் சொல்லவில்லை. இரண்டாம் தாளில் 150க்கு 60 சமூக அறிவியல். நீங்கள் தினமும் நடத்துவதுதான். உதைப்பது குழந்தை உளவியலும் மொழிப் பகுதிகளும். படிக்கிற நேரத்தை அங்கே போடுங்கள்.

சங்ககிரியிலிருந்து: ஆன்லைனில் எம்.ஏ. பொருளியல் சேரலாமா? செல்லுமா?

யுஜிசியின் தொலைக்கல்விப் பிரிவு அனுமதித்த பட்டியலில், அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் பாடமும், நீங்கள் சேரும் பருவமும் மூன்றும் இருந்தால் செல்லும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருப்பது போதாது, பலர் ஏமாறுவது இங்கேதான். 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி என்ற எண்ணை (அந்தத் தொலைக்கல்விப் பிரிவின் மாணவர் எண்) நீங்களே உருவாக்க வேண்டும். அதைக் கேட்காமல் பணம் வாங்குகிற இடைத்தரகரிடமிருந்து விலகுங்கள். பி.எட். முழுக்க ஆன்லைனில் கிடையாது. அரசுப் பணியில் இருப்பவர் சேருவதற்கு முன் துறை அனுமதி வாங்க வேண்டும், பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்பது பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது தலைவலியாகும்.

தம்மம்பட்டியிலிருந்து ஒரு தலைமையாசிரியர்: எங்கள் வட்டாரத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஆன்லைனில் கூடலாம் என்று நினைக்கிறோம். முன்பு ஒருமுறை தொடங்கி இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது.

நாற்பது பேரைச் சேர்த்திருப்பீர்கள். அத்தனை பேரில் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டுச் சமையல் செய்வார்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடம். 40 நிமிடமே நல்லது. அதற்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் முன்னுரைகளைக் குறைக்கும். எல்லோரும் வீடியோ போட்டால் மணிக்கு ஒரு ஜிபி வரை போகும். குரல் மட்டும் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான். மலைப்பக்கத்து ஆசிரியர்கள் குரலில் மட்டும் இருக்கட்டும், ஸ்லைடை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடப்பகுதி, அதுவும் அடுத்த இரண்டு வாரத்தில் எல்லோரும் நடத்தப்போகும் பகுதி. ஒருவர் 10 நிமிடம் தான் எப்படி நடத்துவார் என்று நடத்திக் காட்டட்டும். அடுத்த 15 நிமிடம் மாணவர்களின் உண்மையான விடைத்தாள் நான்கைந்தைப் பெயரை மறைத்துப் படமெடுத்துத் திரையில் போட்டு, எங்கே தவறினார்கள், ஏன் என்று பேசுங்கள். கூட்டம் உயிரோடு இருப்பது இந்தப் பகுதியால்தான். மீதி நேரத்தில் அனைவரும் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். அடுத்த மாதம் முதல் 10 நிமிடம் அந்தக் கேள்விக்கு எந்தப் பள்ளியில் என்ன விடை வந்தது என்பதற்கு. சுற்றறிக்கை, பட்டியல், எமிஸ் (பள்ளித் தகவல் தளம்) பதிவு பற்றிய பேச்சு அந்த 40 நிமிடத்துக்குள் வரக் கூடாது. அதற்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஏப்ரல், மே வேண்டாம். ஜூனில் தொடங்கி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஐந்து கூட்டம் நடந்தால் அந்த ஆண்டுக்குப் போதும்.